விடுவதற்கு என்ன இருக்கு, சாமி?

எல்லவில் இப்போது நாலு பேர் கூடினால் காணிப் பேச்சுத்தான். தெருவோரக் காணி பேர்ச்சஸ் என்ன விலைக்குப் போனது, வாங்கியவர் எத்தனை மாடி எழுப்புகிறார், எந்த வீட்டு மேல்மாடியை வெளிநாட்டுக்காரருக்கு வாடகைக்கு விடுகிறார்கள் என்று பேச்சு நீளும். தெமோதரைப் பக்கத்து ஒன்பது வளைவுப் பாலத்தில் கோச்சி ஏறும் நேரம் பார்த்துக் கூட்டம் கூட்டமாகக் காத்திருக்கிறார்கள். 1921இல் கட்டி முடித்த பாலம் அது. சுற்று மலைகளில் கொழுந்து பறித்த எங்கள் ஆட்களுக்கு அது நேரம் காட்டும் பாலம். காலைக் கோச்சி போனால் தேத்தண்ணி நேரம், மத்தியானக் கோச்சி போனால் கொழுந்து நிறுக்கிற நேரம்.

நான் வளர்ந்த தோட்டத்தில் காணிப் பேச்சே கிடையாது. பேசுவதற்கு யாரிடமும் காணி இல்லை. காம்பரா தோட்டத்துக்குச் சொந்தம். இஸ்தோப்பு தோட்டத்துக்குச் சொந்தம். லயத்துக்குப் பின்னால் அவரைக்கொடி படர்ந்திருந்த துண்டு மண்ணும் தோட்டத்துக்குச் சொந்தம். செக்ரோலில் பெயர் இருக்கும்வரைதான் இருப்பு. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டத்தோடு நாடும் சொந்தமில்லை என்று ஆகிவிட்டிருந்தது. அப்படிப்பட்ட சனத்துக்கு முன்னால் நின்றுதான், ஒரு தவக்காலத்தில், மாதப் பூசைக்கு வந்த குருவானவர் உலகப் பற்றைக் களையச் சொல்லிப் பிரசங்கம் வைத்தார்.

பூசை முடிந்து எல்லாரும் வெளியே வந்தார்கள். என் அப்பாயி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"எல்லாத்தயும் விடணும்னு சொன்னீங்களே சாமி. எங்ககிட்ட விடுறதுக்கு என்னா இருக்கு?"

எதிர்த்துப் பேச வேண்டும் என்று கேட்டதல்ல. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். அவர் சிரித்தார், அவள் நெற்றியில் சிலுவை போட்டார், அடுத்த தோட்டத்துப் பூசைக்கு நேரமாகிறது என்று கிளம்பிவிட்டார். பதில் வராத அந்தக் கேள்வியோடுதான் நான் கோவிலுக்குப் போய்வந்து வளர்ந்தேன்.

விடுவதற்கு ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. காம்பரா மூலையில் அவளுடைய தகரப் பெட்டி இருந்தது. துறையூர்ப் பக்கமிருந்து கங்காணியோடு வந்தபோது அவள் தாய் தலையில் சுமந்து வந்த பெட்டி. மூடியில் இருந்த பூப்படம் பாதி உரிந்துபோய், பூட்டு துருவேறிக் கிடக்கும். உள்ளே ஒரு கூறைச் சீலை, ஒரு சோடி வெள்ளிக் காப்பு, வாலிபத்தில் செத்துப்போன பெரியப்பாவின் படம், நாட்டிலிருந்து வந்த கடுதாசிகள், அரசாங்கத்துப் பத்திரங்கள். பிள்ளைகள் யாரும் அதைத் தொடக் கூடாது. வருசத்தில் ஓரிரு தடவை அவளே திறப்பாள். அப்போது காம்பரா முழுக்கக் கற்பூர வாசம் பரவும்.

அந்தப் பத்திரங்கள் சாதாரணப் பத்திரங்கள் அல்ல. 1964இல் சிறிமாவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் செய்து எங்கள் சனத்தை இரண்டு நாடுகளுக்குப் பங்கு பிரித்தார்கள். அப்பாயிக்கு இலங்கை விழுந்தது, அவள் தம்பிக்கு இந்தியா. ஒரு நாள் தம்பி குடும்பம் மூட்டை முடிச்சோடு எல்ல ஸ்டேசனில் கோச்சி ஏறியது. தலைமன்னார் போய், அங்கிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம். கோச்சி நகரத் தொடங்கியும் அக்காளும் தம்பியும் சன்னல் வழியாகப் பிடித்த கையை விடவில்லை. பக்கத்தில் நின்றவர்கள்தான் இழுத்துப் பிரித்தார்கள். அன்றைக்கு அப்பாயி விட்டது கூடப் பிறந்தவனை. அவள் சம்மதத்தை யார் கேட்டார்கள்? இப்படி வெட்டி எடுக்கப்பட்டதைத் துறவு என்ற கணக்கில் எழுதினால் துறவுக்கும் மரியாதையில்லை, அவளுக்கும் மரியாதையில்லை.

பெட்டிக்கு நேர் எதிரே அடுப்பு. அடுப்புக்கு மேல் தட்டில் ஒரு காலி நெஸ்பிரே பேணி இருக்கும். மூடியில் ஆணியால் கீறிய சிலுவை. உலை வைக்கும் முன் ஒரு பிடி அரிசியை அதில் போட்டுவிட்டுத்தான் மிச்சத்தைக் களைவாள். அரிசி விழும் சத்தத்தை வைத்தே பேணி எவ்வளவு நிறைந்திருக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். முதல் வாரத்தில் தகரத்தில் பட்டுச் சலசலக்கும். மாதக் கடைசியில் சத்தமே வராது.

1973, 74இல் வந்த பஞ்சத்தை மலைநாட்டில் எங்கள் வயதுக்காரர் யாரும் மறக்கவில்லை. கூப்பன் கடையில் அரிசி இல்லை, மா இல்லை. பாணுக்கு விடியுமுன்னே வரிசை. தோட்டங்களில் பட்டினியால் செத்தார்கள். கீரையும் காட்டுக்கிழங்கும் தின்று வயிறு ஊதிய பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அந்த நாளிலும் அப்பாயி கோதுமை மாவில் அரைப்பிடி எடுத்துப் பேணியில் போட்டாள். அப்பாவுக்குப் பொறுக்கவில்லை.

"புள்ளைங்க பசியில கெடக்குதுங்க. சாமிக்கு எதுக்கும்மா மா?"

"கையில ஒண்ணுமில்லாதவன்னு ஊரு சொல்லட்டும்டா. குடுக்க ஒண்ணுமில்லாதவன்னு சாமிகிட்ட நான் சொல்ல மாட்டேன்."

அந்த மாவு கோவிலுக்குப் போகவில்லை. புருசனைப் பறிகொடுத்துக் கைக்குழந்தையோடு நின்ற கீழ் லயத்துப் பெண்ணின் அடுப்புக்குப் போனது. தன் கேள்விக்குத் தானே அவள் கண்டுபிடித்த முதல் பதில் அந்தப் பேணிதான் என்று பின்னாளில் எனக்குத் தோன்றியது.

எருசலேம் ஆலயத்தில் ஏழைக் கைம்பெண் இரண்டு காசு போட்டதை இயேசு மெச்சிய கதை எல்லாருக்கும் தெரியும். காணிக்கை கேட்க நினைக்கிற பிரசங்கிகள் அடிக்கடி எடுக்கிற கதை அது. மாற்கு நற்செய்தியில் அந்தக் கதைக்கு முந்திய வரிகளைச் சேர்த்து வாசிக்கிறவர்கள் குறைவு. கைம்பெண்களின் வீடுகளை விழுங்கிவிட்டு நீட்டி முழக்கிச் செபம் பண்ணுகிற வேதபாரகர்களை அங்கே அவர் கண்டிக்கிறார். கண்டித்த கையோடுதான் உண்டியலுக்கு எதிரே போய் உட்காருகிறார். அவள் கொடுத்ததைப் புகழ்ந்தவர், அவளிடம் இரண்டு காசை மட்டும் மிச்சம் வைத்தவர்களையும் சும்மா விடவில்லை. பணக்கார வாலிபனிடம் அவர் நேரடியாக விற்கச் சொன்னார். விற்றுக் குழி தோண்டிப் புதைக்கச் சொல்லவில்லை, ஏழைகளுக்குக் கொடுக்கச் சொன்னார். வள்ளுவர் துறவுக்கு ஓர் அதிகாரமும் ஈகைக்கு ஓர் அதிகாரமும் தனித்தனியே வைத்தார். நற்செய்தியில் இரண்டும் ஒரே காரியம். வாங்கிக்கொள்ள ஒரு கை இல்லாமல் அங்கே பற்று விடுதல் நடப்பதில்லை.

உடையவர் விடுவது எப்படியிருக்கும் என்பதையும் ஊவா மண் கண்டிருக்கிறது. ஆயர் லியோ நாணயக்கார ஆண்டகையைச் சொல்கிறேன். பெனடிக்ட் சபைத் துறவி. 1959 முதல் கண்டி மறைமாவட்டத்தின் ஆயர். கண்டி பழைய மறைமாவட்டம். பெரிய பள்ளிக்கூடங்கள், குருமடம், ஊர்ப் பிரமுகர்கள் வந்துபோகும் வாசல். 1972 திசெம்பரில் ஊவா மாகாணத்தைத் தனியே பிரித்துப் பதுளை மறைமாவட்டம் உண்டாக்கினார்கள். பதுளை, மொனராகலை இரண்டு மாவட்டங்களும் சேர்ந்தது. கத்தோலிக்கர் கொஞ்சப் பேர், காசும் இல்லை, கட்டடமும் இல்லை. கண்டியை விட்டுவிட்டு அந்தப் புது இடத்துக்கு முதல் ஆயராக வந்தவர் அவர். உலகத்துக் கணக்கில் அது இறக்கம். திருச்சபைக்குள்ளும் உலகத்துக் கணக்குப் பார்க்கிறவர்கள் இருக்கத்தான் செய்கிறார்கள்.

எனக்கு உறுதிபூசுதல் கொடுத்தவர் அவர்தான். வரிசையில் முழங்காலிட்டிருந்தவர்களில் பாதிப் பேருக்குச் செருப்பு இல்லை. அவர் விட்டுவந்த கண்டியைப் பற்றி எங்களுக்கு அப்போது ஒன்றும் தெரியாது. பெரிய கோவிலில் உட்கார வேண்டியவர் ஏன் இந்தக் குளிரில் தோட்டம் தோட்டமாக வருகிறார் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டதுதான் காதில் விழுந்தது. பண்டாரவளையில் அவர் தொடங்கிய 'சேவக செவன' வேறு மாதிரிக் குருமடம். குருவாகப் போகிற வாலிபர்கள் நாட்டுச் சனத்தோடும் தோட்டத்துச் சனத்தோடும் இருந்து, அவர்கள் படும் பாட்டிலிருந்து வேதத்தைப் படிக்கவேண்டும் என்று நினைத்தார். 1982இல் காலமானார். அவரைப் பற்றி யாராவது விசாரித்தால், கண்டியை விட்டு வந்தவர் என்ற ஒரு வரியே எனக்குப் போதும்.

அப்புத்தளையில் அதிசம் பங்களா இருக்கிறது. இங்கிலாந்துக்காரக் கம்பனித் துரை சர் தோமஸ் வில்லியர்ஸ் தன் ஊர்ப் பாணியில் கருங்கல்லும் பர்மாத் தேக்குமாக 1931இல் கட்டி முடித்த மாளிகை. எங்கள் ஆட்கள் அந்தக் காலத்தில் கேற்றுக்கு இப்பால் நின்றுதான் சலாம் போட்டிருப்பார்கள். 1960களின் தொடக்கத்திலிருந்து அது லியோ ஆண்டகையின் அதே பெனடிக்ட் சபைத் துறவிகளின் மடம். தனக்கென்று ஒரு பேனாகூட வைத்துக்கொள்ளக் கூடாது என்பது அவர்கள் சபை ஒழுங்கு. பள்ளிப் பிள்ளையாக அங்கே போனபோது துரையின் நூலகத்தையும் வரவேற்பறையையும் எட்டிப் பார்த்தோம். கைதொட்டுப் பார்க்கும் அளவுக்கு வழவழப்பான மரம். வெளியே ஒரு துறவி சட்டைக் கையை மடித்துவிட்டுப் பழக்கூடை தூக்கிக்கொண்டு போனார். அவர்கள் போடும் ஜாமை வாங்க இன்றைக்கும் சனம் வருகிறது. அத்தனை பெரிய வீட்டைக் கட்டினவர் கொஞ்சக் காலம் இருந்தார், போய்விட்டார். அவருக்குப் பிறகு அங்கே நெடுங்காலமாக இருந்துவருகிறவர்கள், எதுவும் என்னுடையது என்று சொல்லக் கூடாதவர்கள்.

பதுளை என்றால் 1983இல் தமிழர்மேல் விழுந்த கலவரத்தைச் சொல்லாமல் தாண்ட முடியாது. லயத்துக் கூரை ஒழுகுகிறது, சாமான் நனையும் என்று, அப்பாயியின் தகரப் பெட்டியைப் பதுளை பசாரில் கடை வைத்திருந்த மாமா வீட்டுக்குக் கொண்டுபோய் வைத்திருந்தோம். யூலை 27ஆம் திகதி பதுளை எரிந்தது. மாமா குடும்பத்தைத் தன் வீட்டுக்குள் ஒளித்துவைத்துக் காப்பாற்றியது ஒரு சிங்களக் குடும்பம். கடையும் வீடும் போயின. பெட்டியும் போயிற்று.

காப்புக்காக அவள் அழவில்லை. சீலைக்காக அழவில்லை. பெரியப்பாவின் ஒரே படம் எரிந்துபோனதற்கு அழுதாள். ஆறுதல் சொல்ல வந்தவர்களில் ஒருவர், எல்லாம் அழியும் பொருள்தானே, ஆண்டவர் பற்றை அறுத்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவள் அழுகையை நிறுத்தி நிமிர்ந்து பார்த்தாள்.

"விட்டது வேற, பறிச்சது வேற. பறிச்சவன் செஞ்ச வேலைக்குச் சாமி பேர வெக்காதீங்க."

இதைவிடத் தெளிவான இறையியலை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை.

ஆனால் கதை அங்கே நின்றுவிடவில்லை. எங்கள் லயங்களுக்கு மரக்கறி கொண்டுவரும் சிங்கள நாட்டுக்காரர் ஒருவர் இருந்தார். அவருடைய உறவுக்காரப் பையன்கள் பதுளையை எரித்த கூட்டத்தில் இருந்தார்கள் என்று பேச்சு. உண்மையோ பொய்யோ, லயமே அவரிடம் வாங்குவதை நிறுத்தியது. பல வாரம் கழித்து அவர் மறுபடி கூடையோடு வந்து, யாரும் கூப்பிடாமல் பீலிக்கரையில் நின்றார். அப்பாயி இறங்கிப் போய் போஞ்சிக்காய் வாங்கினாள். இஸ்தோப்பில் உட்காரவைத்துத் தேத்தண்ணி கொடுத்தாள். அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். அவர் போன பிறகு அம்மா சண்டைக்கு வந்தாள். அப்பாயி சொன்னாள்: "பொட்டி எரிஞ்சிருச்சு. கோவத்தயாச்சும் பூட்டி வெச்சுக்கிறேன்னா, இன்னொரு பொட்டிய நான்தான் சொமக்கணும். வயசாயிருச்சு, முடியாது."

விடுவதற்கு என்ன இருக்கு என்று கேட்டவளுக்குக் கடைசியில் விடுவதற்கு அது இருந்தது. யாரும் அவளிடம் அதைக் கேட்கவில்லை, கேட்கும் உரிமையும் யாருக்கும் இல்லை. சிலுவையில் தொங்கிக்கொண்டே தன்னை அறைந்தவர்களுக்காகச் செபித்தவரைத் தினமும் செபமாலையில் தியானித்தவள், தானாகவே விட்டாள். பொன், மண் என்று பட்டியல் போடுகிறவர்கள் வஞ்சத்தை மறந்துவிடுகிறார்கள். எரிக்க முடியாத சொத்து அது ஒன்றுதான்.

எல்லவிலிருந்து தெற்கே இராவணா எல்ல நீர்வீழ்ச்சியைத் தாண்டி இறங்கினால் வெல்லவாய. அங்கிருந்து புத்தல. குளிர் விட்டு வெக்கை ஏறும் பாதை. அந்தப் பாதையில் பஸ்ஸில் போகும்போதெல்லாம் அருட்தந்தை மைக்கல் றொட்றிகோவை நினைத்துக்கொள்வேன். அமலமரித் தியாகிகள் சபைக் குரு. உரோமையிலும் பாரிசிலும் படித்து இரண்டு கலாநிதிப் பட்டம் வாங்கியவர். குருமடத்தில் பேராசிரியராக இருந்தவர். அந்த நாற்காலியை விட்டுவிட்டு சேவக செவனவுக்கு வந்தார். அதையும் விட்டு 1980இல் புத்தல பக்கத்து அலுகலவித்த கிராமத்தில் ஒரு குடிசையில் குடியேறினார். சுற்றிலும் வறிய சிங்கள பௌத்த விவசாயிகள். ஒருவரையும் மதம் மாற்ற அவர் போகவில்லை. அவர்களோடு இருக்கவும் அவர்களிடம் கற்றுக்கொள்ளவும் போனார். அருட்சகோதரிகளும் உடன் இருந்தார்கள். 'சுபசெத் கெதர' என்று அந்த இடத்துக்குப் பெயர். மூலிகை வைத்தியம், பிள்ளைகளின் படிப்பு, விவசாயிகளின் நில உரிமை என்று கிராமத்தின் பாடே அவர் பாடானது.

83இல் நாங்கள் அடிபட்ட பிறகும் நாடு அமைதியாகவில்லை. 87இல் தெற்கே துப்பாக்கிகள் பேசத் தொடங்கின. அலுகலவித்தவுக்கும் மிரட்டல் வந்தது. போவதா இருப்பதா என்று அவரும் சகோதரிகளும் கூடிப் பேசி, இருப்பது என்று முடிவெடுத்தார்கள். 1987 நவம்பர் 10ஆம் திகதி மாலை, அந்தக் குடிசையில் பூசை முடியும் தறுவாயில் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். செய்தி மலைக்கு ஏறி வந்தபோது அப்பாயிக்குக் கண் மங்கியிருந்தது. யார் எவர் என்று விவரம் கேட்டாள். பெரிய படிப்பு படித்தவர், குடிசையில் இருந்தார், ஓடச் சொல்லியும் ஓடவில்லை என்று நான் சொன்னேன். "அவருக்கு விடுறதுக்கு நெறய இருந்திருக்கு. எல்லாத்தயும் விட்டிருக்காரு" என்றாள். பேணியை எடுத்து வரச் சொல்லி, அன்றைக்கு இரண்டு பிடி போட்டாள்.

அவள் கேள்வி மறுபடி எனக்குள் கிளம்பியது 2014இல். அக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பிவந்து பார்த்தபோது தாயும் இல்லை, தகப்பனும் இல்லை, லயம் இருந்த இடமே இல்லை. அந்த இடம் ஆபத்து என்று பல ஆண்டுகள் முன்பே எச்சரித்திருந்தார்கள். எச்சரித்தும் சனம் நகரவில்லை, பழகிய இடத்தின் மேல் அவ்வளவு பற்று என்று சிலர் பேசினார்கள். எங்கே நகர்வது? மாற்று இடம் யார் கொடுத்தார்கள்? தப்பியவர்களுக்கு வீடு கிடைக்கவே 2016 ஆயிற்று. போக்கிடம் இல்லாதவன் நின்ற இடத்தில் நிற்பதைப் பற்று என்று சொல்வது பாவம்.

இன்றைக்கு எங்கள் ஆட்களிடம் பற்றே இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. மண்டபத்தில் கல்யாணம், கழுத்து நிறைய நகை, அதற்கு வாங்கும் நுண்கடன், அந்தக் கடனைக் கட்ட இன்னொரு கடன். கிழமைக் கிழமை வட்டிக்காரன் வாசலுக்கு வருகிறான். எங்கள் பெண்கள் கொழுந்துக்கூடையோடு அந்தக் கடனையும் சுமந்து மலை ஏறுகிறார்கள். இதைக் கண்டு நெஞ்சு பதறவேண்டிய பிரசங்கிகள் சிலர், விசுவாசித்தால் வீடு வரும், வாகனம் வரும், பத்து மடங்கு திரும்பும் என்று மைக் போட்டுச் சொல்கிறார்கள். ஆசையை அறுக்க வந்த விசுவாசத்தை ஆசைக்கே உரமாகப் போடுகிறார்கள். அங்கே காணிக்கை போடும் தாய்மாரைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. அவர்கள் மேல் அல்ல.

அப்பாயி போய் வெகு காலமாகிறது. அவள் கேள்விக்கு இப்போது நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். பற்றை விடு என்ற சொல் முதலில் உடையவர்களுக்கு. காணி வைத்திருக்கும் கம்பனிக்கு, உறுதி எழுதித் தராத அரசாங்கத்துக்கு, நிலபுலம் வைத்திருக்கும் திருச்சபைக்கு, படித்து நகரத்துக்குப் போய்ச் சம்பளம் வாங்கும் என்னைப் போன்றவர்களுக்கு. இல்லாதவரிடம் அந்தச் சொல்லோடு போகிறவர், லியோ ஆண்டகையைப் போல எதையாவது விட்டுவிட்டுப் போகவேண்டும். இல்லையென்றால் வாயைத் திறக்கக் கூடாது. இல்லாதவர் தாமாகவே எடுத்துப் போடும் ஒரு பிடிக்கு முன்னால் நாம் மண்டியிட வேண்டுமே தவிர, அதைக் கேட்டு வாங்கக் கூடாது.

தவக்காலம் வருசா வருசம் வருகிறது. இறைச்சியை விடுகிறோம், இனிப்பை விடுகிறோம், பாஸ்கு முடிந்ததும் மறுபடி எடுத்துக்கொள்கிறோம். இந்த முறை திருப்பி எடுக்க முடியாத ஒன்றை விடுங்கள். உங்களிடம் கடன்பட்ட ஏழையின் கடன் சீட்டைக் கிழித்துப் போடுங்கள். உபரியாகக் காணி இருந்தால் காணியில்லாத ஒரு குடும்பத்தின் பெயருக்கு எழுதிக் கொடுங்கள். அதற்குப் பிறகு பற்றைப் பற்றிப் பேசுங்கள், சனம் கேட்கும்.